சிக்னலை முதலில் சொன்னது யார்?

அத்தியாயம் 6

"கேட்டைத் தாண்டி ஒரு கால் வைங்க. நாயை அவுத்து விடறேன்" என்றான் அமல்ராஜ்.

காஞ்சனா நாயைப் பார்த்தாள். அது வேப்ப மரத்தடியில் மல்லாந்து படுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அவுத்து விடுங்க சார். பாவம், முதுகு அரிக்குது போல. நான் சொறிஞ்சு விடறேன்" என்றான் ஷ்யாம்.

ஷ்யாம் காஞ்சனாவின் உதவியாளன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். இவனுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று காஞ்சனா அடிக்கடி சொல்வாள். இன்றைக்கு அந்த நாயே எதிரில் இருந்தும் வாய் ஓயவில்லை.

காஞ்சனாவுக்குச் சொந்த ஊர் மதுரை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடிக்கிற வேலையில் நாற்பது வயதைக் கடந்தவள், அதை உதறிவிட்டுச் செகந்திராபாத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும். இவளுக்கு இறங்கும்.

"உங்க தங்கச்சி ஜெஸ்ஸி எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கோம்" என்றாள். குரல் நன்றாகவே இறங்கியிருந்தது.

"அவ வீடா? ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்."

விஷயம் அதுதான். அமல்ராஜின் அம்மா லூர்துமேரி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறையில் கல் நடப் போகிறார்கள். அந்தக் கல்லில் மகன் பெயர் உண்டு. மகள் ஜெஸ்ஸியின் பெயர் கிடையாது. ஏனென்றால் ஜெஸ்ஸி அவள் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லையாம். நேற்று அலுவலகத்துக்கு வந்த ஜெஸ்ஸி அழவில்லை. "என் பேரு இல்லாட்டிப் பரவாயில்லை மேடம். பேரு இல்லைன்னா, பார்க்கிறவங்க எங்கம்மாவை என்ன நினைப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் காஞ்சனா வெள்ளிக்கிழமை காலையில் போலாரம் வரைக்கும் ஸ்கூட்டரில் வந்திருந்தாள்.

உள்ளேயிருந்து கனத்த குரல் கேட்டது. "எதுக்குடா வாசல்ல வச்சு சத்தம் போடுற? உள்ள வரச் சொல்லு. கேட்டுட்டுப் போகட்டும்."

ஆரோக்கியசாமி கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். எழுபது வயதிலும் முதுகு வளையவில்லை. அவர் தலைக்கு மேல் கண்ணாடி அலமாரி. அதற்குள் விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகக் கொடுத்த வெள்ளிக் கேடயம். கேடயத்தின் கீழே, அவர் வேலைக்கு எடுத்துப்போன சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கட்டைக் குச்சியோடு பெருக்கல் குறிபோலக் கிடந்தன.

ஷ்யாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். சிவப்புக் கொடியின் மூலையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டன் தைத்திருந்தது.

"கொடிக்கு எதுக்கு சார் பட்டன்? குளிரடிச்சா மாட்டிக்கவா?"

"கிழிஞ்சிருந்தது. என் சம்சாரம் தைச்சா" என்றார் ஆரோக்கியசாமி.

காஞ்சனாவும் எட்டிப் பார்த்தாள். துணி எங்கேயும் கிழியவில்லை.

அமல்ராஜ் குகட்பள்ளியில் ஒரு ஜூனியர் காலேஜில் உயிரியல் லெக்சரர். வாரக் கடைசியில் போலாரம் வந்து, அப்பா வீட்டுக் கூடத்திலும் டியூஷன் எடுக்கிறவன்; இந்த வாரம் கல் நடுவதற்காக வெள்ளிக்கிழமையே வந்திருந்தான். சுவரில் வெள்ளைப் பலகை தொங்கியது. அவன் மார்க்கரை எடுத்தான்.

"முதல் வருஷப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். ஆம்பளைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. சிவப்பு, பச்சையைப் பிரிச்சுப் பார்க்கிற ஜீன் எக்ஸ்ல இருக்கு. ஒய்ல கிடையாது. புரியுதா?"

"இதுவரைக்கும் பாஸ் மார்க் எடுத்துட்டேன் சார்" என்றான் ஷ்யாம்.

"பொம்பளைக்கு ஒரு எக்ஸ் பழுதானாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். கண்ணு நல்லாத்தான் இருக்கும். பழுதைச் சும்மா சுமந்துக்கிட்டிருப்பா. ரெண்டும் பழுதானாத்தான் அவளுக்கு நிறம் பிரியாது. எங்கம்மாவோட நாப்பதாம் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. கிளாஸுக்காக நான் வாங்கி வச்சிருந்த புள்ளிப் புஸ்தகத்தை வச்சுப் பசங்க விளையாடினாங்க. கலர் கலரா புள்ளி. நடுவுல நம்பர் ஒளிஞ்சிருக்கும். எல்லாரும் படிச்சாங்க. இவளுக்கு ஒரு பக்கம்கூடத் தெரியலை."

'இவள்' என்று அவன் மார்க்கரை நீட்டிய இடத்தில், அடுக்களை வாசலில் ஜெஸ்ஸி நின்றிருந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது. போலாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து தூக்கி, துடைத்து, ஊட்டியவள் அவள்தான்.

"ஆக, ரெண்டு எக்ஸும் பழுது. ஒண்ணு எங்கம்மா கொடுத்தது. இன்னொண்ணு அவளோட அப்பன் கொடுத்தது. ஆம்பளைகிட்ட இருக்கிறதே ஒரு எக்ஸ்தான். அது பழுதுன்னா அவனுக்கே நிறம் தெரியாது. எங்க டாடி முப்பது வருஷத்துக்கு மேல ரயில் ஓட்டினவர். சிக்னலைப் பார்த்து! கண் டெஸ்ட்ல ஒரு தடவைகூடத் தவறலை." அமல்ராஜ் பலகையில் கேள்விக்குறி ஒன்றைப் பெரிதாகப் போட்டான். "அப்ப இவளோட அப்பன் யாரு? எங்கம்மாகிட்டக் கேக்கலாம்னா அவங்க இல்லை."

பெற்ற தாயைப் பற்றி ஒரு மகன் கணக்குப் பாடம் மாதிரி பேசுகிறான். காஞ்சனாவுக்கு அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி அவன் வாயிலேயே செருகலாம் போலிருந்தது.

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆரோக்கியசாமியைக் கேட்டாள்.

"பையன் படிச்சவன்."

"நீங்க புருஷன்."

ஆரோக்கியசாமியின் தாடை இறுகியது. "இதப் பாரும்மா. எனக்குக் கண்ணுல குறை இருந்தா என் மகனுக்கு வந்திருக்காதா? இவன் கண்ணைப் பாரு, தெளிவு. ரயில்வேல யாரை வேணா கேளு. அப்பன் கண்ணுதான் மகனுக்கு. டிரைவர் பையன் டெஸ்ட்ல தவறினா, முதல்ல அப்பனைத்தான் சந்தேகப்படுவாங்க."

அமல்ராஜ் சட்டென்று திரும்பி டஸ்டரை எடுத்தான். பலகையை அழித்தான். எக்ஸ், ஒய், கேள்விக்குறி எல்லாம் போயின.

"ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா தீர்ந்தது" என்றாள் காஞ்சனா.

"என் ரத்தத்தை எவனும் தொடக் கூடாது!" ஆரோக்கியசாமி எழுந்துவிட்டார்.

"கோர்ட்டுக்குப் போங்க. ஆர்டர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கல்லுல பாசியே புடிச்சிடும்" என்றான் அமல்ராஜ். "இப்ப நாயை அவுக்கட்டுமா?"

"நக்கோ சார், வேண்டாம். அது உங்களைவிட நல்லவிதமா பேசிடும்; உங்களுக்குத்தான் சங்கடம்" என்றான் ஷ்யாம்.

கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் படாரென்று சாத்தப்பட்டது. கேட் வரைக்கும் ஜெஸ்ஸி மட்டும் வந்தாள்.

"அந்தப் புள்ளிப் புஸ்தகத்தை உங்க டாடி பார்த்தாரா?" என்று காஞ்சனா மெல்லக் கேட்டாள்.

"இல்ல மேடம். பசங்க அவர்கிட்ட நீட்டினாங்க. செடிக்குத் தண்ணி விடணும்னு எந்திரிச்சுப் போயிட்டார்."

"சரி."

"சரி இல்ல மேடம்" என்றாள் ஜெஸ்ஸி. "அன்னைக்கு மழை கொட்டிட்டிருந்தது."

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு இரானி ஹோட்டல். மேசையைத் துடைத்தவன், இவர்கள் முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவான் போலிருந்தது. இரண்டு டீ, ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட், ஒரு சமோசா.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். லெக்சரர் சொன்ன கணக்கு தப்பா?"

"கணக்கு ரொம்பச் சரி. அதான் எரிச்சல்" என்றாள் காஞ்சனா. "அப்பா கண்ணு நல்ல கண்ணுன்னா, அந்தப் பொண்ணு அவருக்குப் பிறந்திருக்கிறது துர்லபம். ஆனா அப்பா கண்ணு நல்ல கண்ணுன்னு யார் சொன்னது?"

"ரயில்வே சொல்லுது. அவரும் சொன்னாரே! பையன் கண்ணு தெளிவு, அதனால என் கண்ணும் தெளிவுன்னு."

காஞ்சனா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு பிஸ்கட்டையும் சமோசாவையும் அருகருகே வைத்தாள்.

"இது ஆரோக்கியசாமி. பிஸ்கட்தான் எக்ஸ். சமோசா ஒய். மகள் பிறக்கணும்னா அவர் எதைக் கொடுக்கணும்?"

"பிஸ்கட்."

"மகன் பிறக்கணும்னா?"

"சமோசா."

"அமல்ராஜுக்கு அவர் கொடுத்தது சமோசா மட்டும்தான். அவனோட பிஸ்கட் அம்மா கொடுத்தது. இப்ப நீ சமோசாவைச் சாப்பிட்டுப் பார்த்து, பிஸ்கட் நமுத்திருக்கான்னு சொல்ல முடியுமா?"

ஷ்யாம் சமோசாவைச் சாப்பிட்டான். "முடியலை மேடம். ஆனா ஒய் ரொம்ப நல்லாருக்கு."

"ஆக, மகன் கண்ணு அப்பா கண்ணுக்கு சாட்சியே இல்ல. அது தெரியாம கிழவர் சொல்லிட்டார். அதுகூடப் பரவாயில்ல. நான் கேட்டது என்ன? நீங்க என்ன சொல்றீங்கன்னு பொதுவாக் கேட்டேன். உங்க கண்ணு நல்லாருக்கான்னு கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்கு அவர் பதிலைத் தயாரா வச்சிருந்தார்."

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு."

"அதேதான். இன்னொண்ணு பார்த்தியா? முதல் வருஷப் பையன் பரீட்சையில அப்படி எழுதினா அமல்ராஜ் முட்டை மார்க் போடுவான். அவங்க டாடி சொல்றப்ப வாயைத் திறக்கலை. திரும்பி நின்னு பலகையை அழிச்சான்."

ஷ்யாம் டீயைக் கீழே வைத்தான். "அப்ப அவனுக்குத் தெரியும்."

"சந்தேகமாவது இருக்கும். எங்கே தப்பு வரும்னு பார்த்துட்டு, பார்க்காத மாதிரி அழிச்சிட்டான். ஆனா நம்மகிட்ட ஒரு பிஸ்கட்டும் ஒரு மழையும்தான் இருக்கு. நிறம் தெரியாதவர் எப்படி சிக்னல் பார்த்து வண்டி ஓட்டினார்?"

"யாராவது சொல்லியிருப்பாங்க" என்று விளையாட்டாகச் சொன்ன ஷ்யாம், தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேடம்! இன்ஜின்ல டிரைவர் மட்டும் இருக்க மாட்டார். அசிஸ்டென்ட் ஒருத்தர் உண்டு."

பூபாலன் ஆரோக்கியசாமியின் கீழ் பல வருடம் அசிஸ்டென்ட்டாக இருந்தவர். இப்போது அவரே டிரைவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஆரோக்கியசாமியின் பெயரைச் சொன்னதும், கையிலிருந்த குழாயை அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் ஷ்யாமின் செருப்பை நனைத்தது.

"சாரைப் பத்தித் தப்பாப் பேச வந்திருந்தா இப்பவே போயிடுங்க. எனக்குக் கோபம் வந்தா மனுஷனா இருக்க மாட்டேன்."

"தப்பாவா? ஐயோ! அப்பேர்ப்பட்ட டிரைவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவர் எப்படி இருப்பார்னு பார்க்கத்தான் வந்தோம்" என்றான் ஷ்யாம். "கேள்விப்பட்டதைவிட ஒசரமா இருக்கீங்க சார்."

முகஸ்துதிக்கு மயங்காத ரயில்காரர் இன்னும் பிறக்கவில்லை. பூபாலன் குழாயை மூடினார்.

"அந்த மாதிரி மனுஷன் இனிமே வர மாட்டார். மத்த டிரைவருங்க அசிஸ்டென்ட்டை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க. சிக்னல் தெரிஞ்சதும் ரெண்டு பேரும் சத்தமாச் சொல்லணும், அதான் ரூல். முந்திப் பார்க்கிறவங்க முந்திச் சொல்வாங்க. மத்த வண்டியில டிரைவர் 'கிரீன்'னு கத்துவார். நாம பின்பாட்டுப் பாடணும். சார் வண்டியில அப்படி இல்ல. 'பூபாலா, நீ முதல்ல சொல்லு'ம்பார். நான் 'ஹோம் சிக்னல் கிரீன்'னு சொன்னப்புறம்தான் அவர் 'கிரீன்'னு சொல்வார்."

காஞ்சனா மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஒரு நாள் தவறினது இல்ல. என்னைத் தயார் பண்றார்மா! நாளைக்கு நீ டிரைவர் ஆகணும், உன் கண்ணு கூர்மையா இருக்கணும்னு சொல்வார். பெத்த அப்பன்கூட அப்படிச் செய்ய மாட்டான்."

"உங்க மேல அவருக்கு அவ்வளவு பாசமா?"

"பாசமா! கேளுங்க. ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. காத்துதான் வருது, பேச்சு வரலை. சைகையில சமாளிச்சுக்கலாம்னு டியூட்டிக்குப் போயிட்டேன். சார் என்னைப் பார்த்தார். நேரா போயி, தனக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். தொண்டை கட்டினது எனக்கு. லீவு போட்டது அவர்! என் அசிஸ்டென்ட் கஷ்டப்படுறப்ப நான் வண்டி எடுக்க மாட்டேன்னு..."

அங்கே பூபாலனின் பேச்சு நின்றது.

பைக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காஞ்சனாவைப் பார்த்தார். ஷ்யாமைப் பார்த்தார். தான் வருடக்கணக்காக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்த கதையை முதன்முறையாகத் தானே கேட்டவர் போல அவர் முகம் மாறியது.

"இங்கேருந்து போங்க" என்றார்.

"சார்..."

"போங்கன்னா போங்க! நான் ஒண்ணும் சொல்லலை. நான் சொன்னேன்னு எங்கயாவது சொன்னீங்க..." அவர் மறுபடி குழாயைத் திறந்தார். இந்த முறை அது செருப்போடு நிற்கவில்லை.

தெருமுனை வரைக்கும் ஓடி வந்த பிறகு ஷ்யாம் சட்டையைப் பிழிந்தான். "சாட்சி சொல்ல வர மாட்டார் மேடம்."

"வேண்டாம். ஆரோக்கியசாமியே சொல்லுவார்." காஞ்சனா ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றினாள். "உனக்கு ஊசியில நூல் கோர்க்கத் தெரியுமா?"

சனிக்கிழமை காலையில் அவர்கள் மறுபடி அந்தக் கூடத்தில் நின்றார்கள். இந்த முறை கதவைத் திறந்துவிட்டவள் ஜெஸ்ஸி. ஆரோக்கியசாமியும் அமல்ராஜும் அப்போதுதான் கோயிலிலிருந்து பூசை முடிந்து வந்திருந்தார்கள். அமல்ராஜ் மீசையைக் கடித்துக்கொண்டிருந்தான். ஷ்யாமின் கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது.

"இன்னும் என்ன?" என்றார் ஆரோக்கியசாமி. "இன்னும் கொஞ்ச நேரத்துல கல்லு வெட்ட ஆரம்பிக்கிறான். என் நேரத்தை வீணாக்காதீங்க."

"நான் தோத்துட்டேன் ஐயா. கேஸை மூடறேன்" என்றாள் காஞ்சனா. "போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசை. அந்தச் சிவப்புக் கொடியைக் கையில புடிச்சு நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அப்படி ஒரு டிரைவரைப் பார்த்தேன்னு சொல்லிக்கலாம்."

தோற்றுவிட்டேன் என்ற சொல் கிழவருக்கு இனித்தது. ஜெஸ்ஸி அலமாரியைத் திறந்துவிட்டாள். அவர் இரண்டு கொடிகளையும் சேர்த்து எடுத்தார். கண்கள் காஞ்சனாவின் மேலேயே இருந்தன; கட்டை விரல் மட்டும் துணியின் மூலையைத் தேடிப் போயிற்று. பட்டன் தட்டுப்பட்டது. அந்தக் கொடியை விரித்து, கையை நீட்டி உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இதைக் காட்டினா எப்பேர்ப்பட்ட வண்டியும் நிக்கணும்" என்றார்.

காஞ்சனா போட்டோ எடுக்கவில்லை.

"டாடி" என்றான் அமல்ராஜ். "டாடி, அது பச்சை."

ஆரோக்கியசாமி கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையைப் பார்த்தார். எதில் வித்தியாசம் என்று தேடித் தேடி அவர் கண்கள் இரண்டுக்கும் நடுவில் அலைந்தன. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"நேத்து வரைக்கும் பட்டன் சிவப்புக் கொடியில இருந்தது" என்றாள் காஞ்சனா. "நீங்க கோயிலுக்குப் போன நேரத்துல ஷ்யாம் அதை மாத்தித் தைச்சான். மோசமான தையல். ஆனா உங்க விரலுக்கு அது போதும்."

"அந்தத் தையலுக்கு நான் சிந்தின ரத்தம் எந்த குரூப்புனு வேணா டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான் ஷ்யாம். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஆரோக்கியசாமி நாற்காலியில் விழுந்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நாய் குரைத்தது.

"ஆமா! எனக்குத் தெரியாது! அதனால என்ன? எத்தனை வருஷம் ஓட்டினேன்! ஒரு ஆடு மாடு செத்திருக்கா என் வண்டியில? இந்தக் கேடயம் சும்மா கொடுத்தானா?"

"டெஸ்ட்ல எப்படித் தேறினீங்க?" என்று கேட்டாள் காஞ்சனா.

"புஸ்தகம் ஒண்ணுதானே, எல்லா வருஷமும் அதே பக்கம். என் சம்சாரம் ஒரு புஸ்தகத்தை எங்கேயோ தேடி வாங்கிட்டு வந்தா. இந்தப் பக்கத்துல இந்த நம்பர், அந்தப் பக்கத்துல அந்த நம்பர்னு ஜபமாலை சொல்ற மாதிரி சொல்லிக் கொடுத்தா. வேலை போயிட்டா பிள்ளைங்க சோத்துக்கு என்ன செய்யும்னு அழுதா." அவர் கொடிகளை மடியில் போட்டுக்கொண்டார். "கொடியில பட்டன் தைச்சதும் அவதான்."

ஜெஸ்ஸி அப்போதுதான் அடுக்களை வாசலை விட்டு முன்னால் வந்தாள்.

"அப்ப ஆரம்பத்துலேருந்தே உங்களுக்குத் தெரியும். அண்ணன் பலகையில எழுதினப்பவே தெரியும். நான் உங்க பிள்ளைதான்னு உங்களுக்குச் சந்தேகமே இல்ல."

ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மானம் போகாம அவங்க அத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தாங்க" என்றாள் காஞ்சனா. "அவங்க மானம் போறப்ப நீங்க ஒரு நாள் வாயைத் திறக்கலை."

"எனக்கு இது தெரியாது மேடம். சத்தியமா..." என்று ஆரம்பித்தான் அமல்ராஜ்.

"பலகையை எதுக்கு அழிச்சீங்க லெக்சரர் சார்? மகன் கண்ணை வச்சு அப்பன் கண்ணைச் சொல்ல முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க ஒய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அமல்ராஜின் முகம் கறுத்தது. "அம்மா கடைசி வரைக்கும் இவ பேரைத்தான் கூப்பிட்டாங்க. குகட்பள்ளியிலேருந்து ஓடி ஓடி வந்தேன். என்னைப் பார்த்து, ஜெஸ்ஸி எங்கேன்னுதான் கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும்." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

மேசை மேல் ஆரோக்கியசாமியின் போன் அடித்தது. கல் வெட்டுகிறவர். ஸ்பீக்கரில் தெலுங்கும் தமிழும் கலந்து வந்தது குரல். "சாரு, ஆரம்பிக்கலாமா? ஒருவாட்டி படிக்கிறேன். லூர்துமேரி. ரயில் டிரைவர் ஆரோக்கியசாமியின் அன்பு மனைவி. மகன் அமல்ராஜ். அந்தே கதா, அவ்வளவுதானே?"

"இன்னொரு பேரு சேர்க்கணும்" என்றார் ஆரோக்கியசாமி. தலை நிமிரவில்லை. "மகள் ஜெஸ்ஸி."

"சரி சாரு."

"இருங்கண்ணா" என்றாள் ஜெஸ்ஸி. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "மகள் ஜெஸ்ஸி போடுங்க. மகன் அமல்ராஜும் இருக்கட்டும். அவனையும் எங்கம்மாதான் பெத்தாங்க. ரெண்டாவது வரியை எடுத்துடுங்க."

"எந்த வரிம்மா? ஆரோக்கியசாமியின் மனைவியா?"

"அதேதான்."

"சாரு?" என்றது அந்தக் குரல் தயங்கி.

ஆரோக்கியசாமி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

"அவ சொல்ற மாதிரி செய்" என்றார்.

ஜெஸ்ஸி போனை மேசையில் வைத்தாள். அப்பாவின் மடியில் கிடந்த கொடியை எடுத்து, மூலையில் விரலால் தடவி, ஷ்யாம் தைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்த வெள்ளைப் பட்டனைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இது எங்கம்மாவோடது. நான் எடுத்துக்கறேன்" என்றாள். "கொடி ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க டாடி."

அவள் வெளியே போனாள். காஞ்சனாவும் ஷ்யாமும் அவள் பின்னால் நடந்தார்கள். நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தது. ஷ்யாம் அதைச் சொறிந்துவிடக் குனிந்தவன், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

ஆரோக்கியசாமி இரண்டு கையிலும் இரண்டு கொடிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டை விரல் ஒரு மூலையைத் தடவியது. பிறகு இன்னொரு மூலையை. மறுபடி முதல் மூலையை. அமல்ராஜ் பக்கத்திலேயே நின்றிருந்தான். எது சிவப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் சொல்லவில்லை.